கருப்பட்டி வேஷத்தில் வெள்ளைச் சர்க்கரை!
குமாஸ்தாவின் கால் விரலுக்கு வந்த ஆபத்து. அண்ணாச்சி உடைத்துக் காட்டிய ரகசியம்

(நமது நிருபர்)

சென்னை:

வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று சொல்லி, அதை வீட்டை விட்டே விரட்டினார் ஒரு குமாஸ்தா. மூன்றே மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார்.

காரணம் என்ன தெரியுமா? சர்க்கரை!

அவருக்கு வயது 52. பிராட்வே பக்கம் ஒரு ஆபீசில் வேலை. தினமும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறவர். ஆறு வருடமாக சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை சாப்பிட்டு ஒழுங்காகத்தான் இருந்தார்.

ரயிலில் கூட வரும் ஒரு ஆசாமி அவருக்கு யோசனை சொன்னார். "சார், சீனியை விடுங்க. கருப்பட்டிக்கு மாறுங்க. இயற்கை. சுகருக்கு ஒண்ணும் செய்யாது."

குமாஸ்தா மாறினார். காலையில் இரண்டு, ஆபீசில் இரண்டு, ராத்திரி ஒன்று. ஐந்து டம்ளர் கருப்பட்டி காபி. "இயற்கைதானே" என்று மாத்திரையையும் பாதியாகக் குறைத்தார். டாக்டரைக் கேட்கவில்லை.

செருப்பு கடித்த புண் ஒன்று காலில் வந்தது. ஆறவில்லை. சுண்டு விரல் கறுத்தது. ரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் திகைத்துப் போனார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கூடச் சொன்னார்கள். மயிரிழையில் தப்பியது.

"நான் சீனியைத் தொட்டு மூணு மாசம் ஆச்சு சார். பின்னே எப்படி ஏறிச்சு?"

கட்டிலில் படுத்தபடி அவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் புறப்பட்டோம்.

அண்ணாச்சி கடையில்

முதலில் ஒரு மளிகைக் கடை. பாரிமுனைக்குப் பக்கத்துச் சந்து. கல்லாவில் இருந்தவர் எழுபதைத் தாண்டிய அண்ணாச்சி. உடன்குடிப் பக்கத்துக்காரர். கருப்பட்டி காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர்.

குமாஸ்தா வீட்டில் மிச்சமிருந்த கருப்பட்டி ஒன்றை நாம் கையோடு கொண்டு போயிருந்தோம். மேஜை மேல் வைத்தோம்.

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். மோந்தார். எடைக்கல்லால் ஒரே போடு. கருப்பட்டி இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் பளபள என்று மின்னியது.

"தம்பி, இது கருப்பட்டி இல்ல. சீனிக்கு கருப்புச் சட்டை போட்டு விட்டிருக்கான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க அண்ணாச்சி?"

"மின்னுது பாருங்க. நல்ல கருப்பட்டி உடைச்சா உள்ள மங்கலா, பழுப்பா இருக்கும். மழைக்காலத்துல கசிஞ்சு பிசுபிசுத்துப் போகும். இது ஆறு மாசம் கிடந்தாலும் கல்லு மாதிரிதான் கிடக்கும். வாயில போட்டா வெறும் இனிப்பு. நம்ம கருப்பட்டியில லேசா ஒரு கரிப்பு தட்டும். சுண்ணாம்பு, பதநீர், எல்லாம் சேர்ந்த ருசி அது. இதுல அது எங்க இருக்கு?"

ஆக, குமாஸ்தா விரட்டியடித்த வெள்ளைச் சர்க்கரை, வேஷம் போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாக உள்ளே வந்திருக்கிறது!

ஏன் இந்த மோசடி?

கணக்கு ரொம்பச் சுலபம். வெள்ளைச் சர்க்கரை விலையைப் போல் பல மடங்கு கருப்பட்டி விலை. மூட்டை சர்க்கரையை உருக்கி, கொஞ்சம் கருப்பட்டியோ கழிவுப்பாகோ சேர்த்து, சிரட்டையில் ஊற்றினால் ஆயிற்று. பனையும் வேண்டாம். பனையேறியும் வேண்டாம்.

அசல் கருப்பட்டி அப்படி வருவதில்லை.

பனையேறி விடிவதற்குள் மரம் ஏற வேண்டும். பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித் தொங்கவிட வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். கை நழுவினால் அவ்வளவுதான். விழுந்து செத்தவர்களும் உண்டு. இடுப்பொடிந்து கிடப்பவர்களும் உண்டு.

அந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-ம் ஆண்டு ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. அதனால் சுண்ணாம்பு குறைந்தால் பனையேறிக்குப் போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது.

இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் வடிகட்டி, பனை ஓலையும் உடைமர விறகும் எரித்து, பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். இதுவும் வருடம் பூராவும் கிடையாது. வருடத்தின் முதல் பாதியில் சில மாதங்கள்தான் சீசன்.

"எங்க அம்மை விடிலியில உக்காந்து காய்ச்சுவாவ. புகையில கண்ணு ரெண்டும் போச்சு" என்றார் அண்ணாச்சி. விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை.

"இப்ப ஏறுறதுக்கு ஆள் இல்ல தம்பி. என் மகன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அவன் ஏறுவானா? மரம் இருக்கு. ஏற ஆள் இல்ல. ஆனா கருப்பட்டி மட்டும் ஊர் ஊராக் குவியுது. எங்கேயிருந்து வருது? நீங்களே சொல்லுங்க!"

2023-ம் ஆண்டு உடன்குடி பனங்கருப்பட்டிக்கு மத்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பெருமைதான். ஆனால் பெயர் பெரிதாகப் பெரிதாக, அந்தப் பெயரில் போலியும் பெருகும் என்று கவலைப்படுகிறார் அண்ணாச்சி.

வெல்லத்திலும் அதே கதை

"சரி, கருப்பட்டி வேண்டாம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறேன்" என்பீர்கள். பொறுங்கள்.

சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தில் வெல்ல ஆலைகள் நிறைய. அங்கே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டு, கலப்படத்துக்காக அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்தி ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பல தடவை வந்திருக்கிறது. பொங்கல் நெருங்கினால் இந்த வேலை சூடு பிடிக்கும்.

கரும்புச் சாற்றோடு சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்சினால் வெல்லம் கெட்டியாகிறது. எடை கூடுகிறது. நிறமும் வெளுக்கிறது. இன்னும் வெளுக்க 'ஹைட்ரோஸ்' என்று ஒரு கெமிக்கல் பொடி. கந்தகம் கலந்த சமாச்சாரம். துணி வெளுக்கும் சாயப்பட்டறையில் பயன்படுவது.

இதில் வியாபாரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடையில் போய் நின்று, "மஞ்சளா, பளிச்சுனு இருக்கிற வெல்லம் குடுங்க" என்று கேட்பது யார்? நாம்தானே! ரசாயனம் சேராத வெல்லம் கருத்துத்தான் இருக்கும். அதை அழுக்கு வெல்லம் என்று ஒதுக்குகிறோம். ஆலைக்காரன் நமக்காக வெளுக்கிறான்.

'பிரவுன் சுகர்' என்று பாக்கெட் போட்டு விற்பதும் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரைக்குக் கழிவுப்பாகு பூசியதுதான். (போலீஸ் ஸ்டேஷனில் இந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அதற்கு அர்த்தமே வேறு!)

தேனும் தப்பவில்லை

2020-ம் ஆண்டு டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேன் விஷயத்தில் ஒரு குண்டு போட்டது. பல தேன் மாதிரிகளைப் பரிசோதித்ததில் பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னது. கம்பெனிகள் மறுத்தன. ஆனால் பிடிபடாமல் கலப்பதற்கென்றே தனியாகப் பாகு தயாரிக்கிறார்கள் என்ற விஷயம் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. கரும்பு காற்றில் இருந்து கரியமில வாயுவை எடுக்கும் முறை வேறு. பனை மரமும், தேன் தரும் பெரும்பாலான பூச்செடிகளும் எடுக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் இனிப்பில் உள்ள கார்பன் அணுக்களில் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்ற விகிதம் மாறுகிறது. கைரேகை மாதிரி! தேனிலோ கருப்பட்டியிலோ கரும்புச் சர்க்கரை கலந்தால் இந்த ரேகை காட்டிக் கொடுத்துவிடும்.

கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? கரும்பை விட்டு அரிசிப் பாகுக்குத் தாவினார்கள். நெல்லின் ரேகை பூச்செடியின் ரேகையோடு ஒத்துப் போகும். தேன் கலப்படத்தில் மாட்டாமல் போனதற்கு இதுதான் காரணம்.

தேன் பற்றி இன்னொரு எச்சரிக்கை. பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவி 'சேனை' வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சுத்தமான தேனாக இருந்தாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து, குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தைக் கக்கும். கை கால் துவண்டு, மூச்சே நின்றுவிடலாம்.

டாக்டர் போட்ட குண்டு

இத்தனையும் சேகரித்துக்கொண்டு, குமாஸ்தாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போனோம். "டாக்டர், அவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். போலிக் கருப்பட்டி" என்றோம்.

டாக்டர் சிரித்தார்.

"அசல் கருப்பட்டியா இருந்தாலும் அவர் இங்கேதான் வந்திருப்பார்."

தூக்கிவாரிப் போட்டது.

அவர் விளக்கினார். வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். கருப்பட்டியில் பெரும் பங்கும் அதே சுக்ரோஸ்தான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் அதே ஜாதி. தேன் அதையே பிரித்து வைத்த மாதிரி, குளுக்கோசும் ஃபிரக்டோசும். உடம்புக்குள் போனால் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. மற்றதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பின்னே வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. ஆலையில் கரும்புச் சாற்றுக்குச் சுண்ணாம்பு விட்டு, கந்தகப் புகை ஏற்றி, தெளியவைத்து, காய்ச்சி, பரலாக்கி, சுழலும் இயந்திரத்தில் போட்டுக் கழிவுப்பாகைப் பிரித்து விடுகிறார்கள். அந்தப் பாகோடு இரும்பு, பொட்டாசியம் போன்ற உப்புகளும் போய்விடுகின்றன. பாகு சாராய ஆலைக்குப் போகிறது. வெறும் இனிப்பு நம் வீட்டுக்கு வருகிறது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் அந்த உப்புகள் தங்குகின்றன. ருசியும் மணமும் தங்குகின்றன.

"ஆனா ஒரு காபிக்குப் போடற கருப்பட்டியில எவ்வளவு இரும்பு கிடைச்சுடும்? அதுக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சாப்பிடலாமே" என்றார் டாக்டர்.

குமாஸ்தாவின் கணக்கு

ஒரு காகிதத்தில் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரு டம்ளருக்கு 15 கிராம் கருப்பட்டி. ஐந்து டம்ளர். ஆக மொத்தம் 75 கிராம்.

நல்ல உடம்புள்ள பெரியவருக்கே தனியாகச் சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன யோசனை. தேனும் அந்தக் கணக்கில்தான் சேரும். குமாஸ்தா அதைப் போல் மூன்று மடங்கு குடித்திருக்கிறார். அதுவும் சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு. மாத்திரையையும் பாதியாக்கிக்கொண்டு!

முன்பு வெள்ளைச் சர்க்கரை போட்டபோது பயந்து பயந்து அரை ஸ்பூன் போட்டவர்தான். 'இயற்கை' என்ற ஒரு வார்த்தை பயத்தைப் போக்கிவிட்டது. பயம் போனதும் அளவும் போயிற்று.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது. அதில் எத்தனை பேர் இப்படிப் பயம் தெளிந்து நடமாடுகிறார்களோ!

சீனித்துளசி பற்றியும் கேட்டோம். அது சர்க்கரை இல்லை, கலோரியும் கிடையாது. அதிலிருந்து எடுக்கும் இனிப்புக்கு நம் நாட்டில் அனுமதி உண்டு. ஆனால் உடம்பு இளைக்கும் என்று நம்பி இதுபோன்ற இனிப்புகளைச் சாப்பிட வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

நல்ல உடம்புள்ளவர்கள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை வாங்கலாம். தாராளமாக வாங்கலாம். ருசிக்காக வாங்கலாம். மரம் ஏறுகிறவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகவும் வாங்கலாம். ஆனால் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். அளவு பழைய அளவுதான்.

வெளுத்த வெல்லத்தைத் தேடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கருப்பட்டியைப் பார்த்துச் சபலப்படாதீர்கள். பத்து லிட்டர் பதநீரின் விலை, விறகு, கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதற்குக் கீழே ஒருவன் விற்றால், அவன் தர்மம் செய்யவில்லை!

இனிப்பு ஆசை வந்தால் முழுப் பழமாகச் சாப்பிடுங்கள். பழத்தில் நார் இருக்கிறது. இனிப்பு மெதுவாக இறங்கும். சர்க்கரை நோயாளிகள் எந்தப் பழம், எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யார் எதைச் சொன்னாலும் மாத்திரையை மட்டும் தானாகக் குறைக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் சும்மா இருக்க வேண்டாம். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, பொருள் வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம் என்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தப்பு என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. தரம் குறைந்த பொருள் விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதே சட்டத்தில் இடமுண்டு.

கடைசியில்...

குமாஸ்தா இப்போது வேலைக்கு வருகிறார். அதே தாம்பரம் ரயில். காலில் கட்டு பிரித்தாயிற்று. காபியில் இனிப்பே கிடையாது.

யோசனை சொன்ன ரயில் சிநேகிதர் அதே பெட்டியில்தான் வருகிறாராம். "இப்ப அவர் தேனுக்கு மாறச் சொல்றார் சார்" என்று சிரிக்கிறார் குமாஸ்தா.

நாம் மீண்டும் அண்ணாச்சி கடைக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று பயம். அவர் தலையை ஆட்டினார்.

"டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார் தம்பி. எங்க அம்மை ஒரு கருப்பட்டியை எட்டுப் பேருக்கு வச்சுக்கிடுவா. ஒரு கடி கருப்பட்டி, ஒரு டம்ளர் கடுங்காப்பி. கடிச்சுக்கிட்டுத்தான் குடிப்போம். இப்ப ஒரே ஆளு ஒரு கருப்பட்டியைக் கரைச்சுக் குடிச்சிட்டு, சீனி ஏறிட்டுனு கருப்பட்டியைத் திட்டுதான்!"

சொல்லிவிட்டு, கல்லாவுக்குக் கீழேயிருந்து ஓலைப் பெட்டியைத் திறந்தார். ஊரிலிருந்து சொந்தக்காரர் கொடுத்து அனுப்பிய கருப்பட்டியாம். உள்ளே மங்கிய பழுப்பு. கசிந்து பிசுபிசுத்திருந்தது.

சின்னதாக ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு துண்டுதான்.